பழைய கணினியும் பதினாறு வீட்டு லயமும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கணினியும் கல்வியும்’. இந்தத் தலைப்பில் பரிசளிப்பு விழாதோறும் யாராவது ஒருவர் பேசுகிறார். கணினி இல்லையேல் எதிர்காலம் இல்லை என்கிறார். நாமும் கைதட்டுகிறோம். வீட்டுக்குப் போன பிறகுதான், கணினி வாங்கக் காசு எங்கே என்ற நினைப்பு வருகிறது. அந்தப் பேச்சை நானும் பேசப் போவதில்லை. நான் கணினிப் பொறியாளன் அல்லன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தமிழும் கணிதமும் சொல்லிக்கொடுக்க வந்தவன். ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்தது பொழுதுபோக்காகத்தான். அந்தப் பொழுதுபோக்கினால் என்ன கிடைத்தது, என்ன நட்டம் வந்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பள்ளியை மூடிவிட்டார்கள். பாடம் கைப்பேசிக்கு வந்தது. என் வகுப்பில் பதினொரு பேர். முதல் வாரம் எட்டுப் பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் நான்கு பேர். மற்றவர்கள் சோம்பேறிகள் என்று நானும் கொஞ்ச நாள் நினைத்தேன். பிறகுதான் விசாரித்தேன். வீட்டுக்கு ஒரு போன். அதை அப்பா காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் திரும்பிய பிறகு, ஆலைக்குப் போகும் மேட்டுக்கு நடந்தால்தான் லைன் கிடைக்கும். அங்கே ஒரு பையன் தூறலில் குடை பிடித்துக்கொண்டு, நான் அனுப்பிய கணக்கைப் பார்த்து எழுதியதை என் கண்ணாலே பார்த்தேன். அந்த ஆண்டுதான் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுதுவதற்காக மரத்தில் ஏறி உட்கார்ந்த செய்தி வந்து நாடே பேசியது. நம் மேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்போது ஓர் அம்மா வந்தார். உரம் போடும் வேலை செய்பவர். “சார், தவணைக்கு ஒரு லேப்டாப் எடுத்துரலாமா? மூணு வருசம் கட்டணுமாம்” என்று கேட்டார். லைன் இல்லாத வீட்டில் லேப்டாப் வந்து என்ன செய்யும்? ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. “ஒரு மாசம் பொறுங்கம்மா” என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்துக்கட்டினார்கள். கேட்டதும் மூன்றைக் கொடுத்தார்கள். திறந்துவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக ஓடியது. அதில்தான் நான் லினக்ஸ் போட்டுப் பார்த்தேன்.

லினக்ஸ் என்றால் என்ன? கணினியின் உடம்பு இரும்பும் பிளாஸ்டிக்கும். அதை எழுப்பி வேலை வாங்கும் தண்டல் ஒருவர் வேண்டும். அந்தத் தண்டலுக்கு இயங்குதளம் என்று பெயர். கடையில் வாங்கும் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும். லினக்ஸ் இன்னொரு தண்டல், சம்பளம் கேட்காத தண்டல். பிள்ளைகளே, இதைத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். 1991 ஆகஸ்டு மாதத்தில், தாம் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்குத்தான் என்றும் மற்றவர்களுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அவர் அந்த வேலைக்கு வாங்கிய கணினியும் தவணைக்கு எடுத்ததுதான்! சிறுவயதில் தம் தாத்தாவின் கணினியில் தட்டித் தட்டிப் பழகியவர். அந்த நாட்டில் பெரும்பாலோர் பேசுவது பின்னிய மொழி. இவர் குடும்பமோ சுவீடிய மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பம். நம் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அவர் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தின் கீழ் 1992-இல் கொடுத்துவிட்டார். அந்த உரிமம் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் முன்பே எழுதி வைத்தது. உலகத்துப் பல நாட்டவரும் சேர்ந்து வளர்த்தார்கள். இன்று உலகின் மிக வேகமான 500 கணினிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2017 நவம்பரிலிருந்து அந்தப் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடிவயிற்றில் இருப்பதும் லினக்ஸ்தான். சந்தையில் ஐந்து வெள்ளிக்குத் திருட்டு வட்டு தேட வேண்டியதே இல்லை. படியெடுத்துக் கொடுப்பது இங்கே குற்றம் ஆகாது.

நான் போட்டது லினக்ஸ் மின்ட் என்ற வகை, அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எப்சிஇ பதிப்பு. எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். பென்டிரைவிலிருந்தே கணினியைத் திறந்து, உள்ளே எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பதித்துக்கொள்ளலாம். பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு நூறு வெள்ளிக்குள் ஓர் எஸ்எஸ்டி மாட்டினேன். தேநீர் குடித்துவிட்டு வரும் கணினி, அரை நிமிடத்தில் எழுந்து நின்றது! தமிழில் தட்டெழுதத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். திரையில் வரும் சொற்களிலும் பல தமிழில் இருக்கும், எல்லாம் இருக்காது. கணினியில் தமிழ் என்பது நமக்குப் புதிதும் அல்ல. நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985-இல்.

இந்த வெற்றியில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. என் சொந்தக் கணினிக்கும் இதைப் போடப் போனேன். இரவு பதினொன்றரை மணி. ‘இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் பதிக்கவா?’ என்று திரை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். படமெல்லாம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர், கடைசிக் காலத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். 2017-இல் இறந்து போனார். அதற்கு முந்தின தீபாவளிக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்து, தாம் பிறந்த தோட்டத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசியதைப் பதிவு செய்து அந்தக் கணினியில்தான் வைத்திருந்தேன். வேறு படி இல்லை. மறுநாள் பட்டணத்துக் கடையில் கொடுத்துப் பார்த்தேன். சில படங்கள் பாதியாக வந்தன. அப்பாவின் குரல் வரவில்லை. என் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே, பெற்றோர்களே, உங்களை மன்றாடிக் கேட்கிறேன். எதைச் செய்வதற்கு முன்னும் படமும் பதிவும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். இப்போது யார் கணினியைக் கொண்டுவந்தாலும், முதலில் படியெடுக்காமல் நான் தொடுவதே இல்லை. “சார் ரொம்பப் பயப்படுறாரு” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சரி, கணினி வந்தது. இணையம்? அதற்குத்தான் கிவிக்ஸ் என்று ஒன்று. 2007-இல் தொடங்கிய இலவச மென்பொருள். விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாக மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது, அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. நான் பட்டணத்தில் நண்பர் வீட்டில் உட்கார்ந்து அதை இறக்கினேன். மலாய் மொழிப் பதிப்பையும் எடுத்துக்கொண்டேன். கொண்டுவந்து பழைய கணினியில் வைத்தேன். ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் இணையமே வேண்டாம். வைஃபை பெட்டி ஒன்றை அதனோடு இணைத்தால், சுற்றிலும் உள்ள போன்கள் எல்லாம் அந்தக் கணினியில் இருப்பதைப் படிக்கலாம். டேட்டா போகாது, மாதக் கட்டணம் கிடையாது, சிம் இல்லாத பழைய போனிலும் வரும்.

இந்த இடத்தில் ‘வீட்டு வலையமைப்பு’ என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். பழைய நாளில் ஊரிலிருந்து தாத்தா பெயருக்குக் கடிதம் வந்தால், தபால்காரர் லயத்துக்கு வரமாட்டார். தோட்ட ஆபீசில் கட்டாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வெளியுலகத்துக்குத் தெரிந்தது தோட்டத்து முகவரி ஒன்றுதான். இந்தக் கடிதம் எந்த லயம், எத்தனையாவது வீடு என்பது கிராணிக்குத்தான் தெரியும். அவர்தான் பிரித்துக் கொடுப்பார். விளக்கு மினுக்கிக்கொண்டு வீட்டில் ஒரு வைஃபை பெட்டி இருக்கிறதே, ரவுட்டர் என்கிறார்களே, அது அந்தக் கிராணிதான். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் அது ஓர் எண் கொடுக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள்தான், எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாம் நம்பர் லயம் இருப்பதைப் போல. வெளியே இருந்து பார்த்தால் ஒரே முகவரிதான்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் பதினாறு வீட்டு லயம் ஒன்று. நடுவீட்டுக்காரர் மனமுவந்து மேசை போட இடம் கொடுத்தார். அங்கே வைத்தால் இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு எட்டியது. மற்றவர்களுக்கும் எட்டட்டுமே என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிக் கம்பி இழுத்து மாட்டினேன். அன்றே எல்லாம் குழம்பியது. ஒரு போனில் வரும், இன்னொன்றில் வராது. காலையில் வந்த போனில் மாலையில் வராது. இரண்டு நாள் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன்.

கண்டுபிடித்தது நானில்லை. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. ஒவ்வொரு போனிலும் என்ன எண் வந்திருக்கிறது என்று கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். “ஐயா, எங்க அண்ணன் போனுக்கும் பெரியம்மா போனுக்கும் ஒரே நம்பர் வந்திருக்கு. அது எப்படிங்கய்யா?” என்று கேட்டாள். ஒரு தோட்டத்தில் இரண்டு கிராணிகளை உட்கார வைத்துவிட்டேன்! இரண்டு பேரும் தனித்தனியே வீட்டு எண் கொடுத்தால் ஒரே எண் இரண்டு குடும்பத்துக்குப் போகாதா? இரண்டாவது பெட்டியில் எண் கொடுக்கும் வேலையை நிறுத்தி வைத்து, அதற்கு மட்டும் வேறு ஓர் எண்ணை நிலையாகக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தப் பிள்ளையை இன்று பரிசு வாங்கும் வரிசையில் தேட வேண்டாம். அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். தேர்வில் அவள் நடுத்தரம்தான். அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு நாம் எந்தப் பரிசும் வைத்திருக்கவில்லை.

இன்னொரு பாடம் இடி மின்னல் கற்றுக்கொடுத்தது. ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு வெளிவெளியாகச் செம்புக் கம்பி இழுத்தேன். நூறு மீட்டருக்குள் இருந்தால் செய்தி போகும் என்று படித்திருந்தேன், தூரம் சரிதான். மாலை மழையில் ஒரே ஒரு வெட்டு. கம்பியின் இரு முனையிலும் இருந்த பெட்டிகள் கருகிப் போயின. நல்ல வேளை, அருகில் யாரும் இல்லை. நம் நாட்டில் இடி மின்னலுக்கு என்ன பஞ்சமா? கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். கம்பியில்லாமல் அனுப்பலாம், கண்ணாடி இழைக் கம்பி போடலாம். மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தம்பிகளே, மின்சாரப் பெட்டியைப் பெரியவர் இல்லாமல் திறக்கக் கூடாது, இதில் விளையாட்டு வேண்டாம்.

இப்போது லயத்தில் இரவும் பகலும் ஓடுவது பழைய கணினி அன்று. ராஸ்பெரி பை என்னும் குட்டிக் கணினி. 2012 பிப்ரவரி 29-இல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் கற்பதற்கென்றே வெளியிட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும், போன் சார்ஜர் அளவுக்குத்தான் மின்சாரம் குடிக்கும். அதிலும் லினக்ஸ்தான்.

தாய்மார்கள் கேட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். இப்போது லைன் முன்பைவிடப் பரவாயில்லை, சில வீடுகளில் இணையம் வந்துவிட்டது. “பிள்ளை பாடம் பார்க்கும்போதே சூதாட்ட விளம்பரம் வருது சார்” என்கிறார்கள். பை-ஹோல் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் போன் முதலில் முகவரிப் புத்தகத்தைக் கேட்கும். பை-ஹோல் அந்தப் புத்தகத்தை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, விளம்பரக்காரன் பெயரைக் கேட்டால் ‘அப்படி ஒரு வீடு இல்லை’ என்று சொல்லிவிடும். என் வீட்டில் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் தடுக்காது. யூடியூப் காணொளியின் நடுவில் வருவதைத் தடுக்காது. வைஃபையை விட்டுவிட்டு டேட்டாவில் போனாலும் தடுக்காது. அதற்குப் பிள்ளை பக்கத்தில் நாம்தான் உட்கார வேண்டும்.

அந்த லயத்து நூலகத்தில் பிள்ளைகள் முதலில் தேடியது என்ன தெரியுமா? யானை, காற்பந்து, ரஜினிகாந்த். அப்புறம் பால்மரம். அப்புறம் ஒரு பையன் நம் தோட்டத்தின் பெயரைத் தட்டினான். இல்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தட்டினான். “நம்ம தோட்டம் இதுல இல்லீங்கய்யா” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அச்சில் வந்த ஆதாரம் கேட்பார்கள். நம் தோட்டத்தைப் பற்றி அச்சில் என்ன இருக்கிறது? இந்த மலரில் வரும் பள்ளி வரலாற்றுப் பக்கத்தைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்தப் பெட்டி நம்முடையது. அதில் எதை வைக்கலாம் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே விக்கிப்பீடியாவுக்குப் பக்கத்தில் ‘நம் தோட்டம்’ என்று ஒரு பகுதி திறந்திருக்கிறோம். பிள்ளைகள் போனில் பாட்டி தாத்தாக்களைப் பேசவைத்துப் பதிவு செய்து அதில் சேர்க்கிறார்கள். இதுவரை ஒன்பது பேர். ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார், நடுவில் சேவல் வேறு கூவுகிறது. ஒவ்வொன்றும் மூன்று படி, ஒரு படி பள்ளி இரும்பு அலமாரியில். எண்பது வயதைத் தாண்டிய நான்கு பேர் இன்னும் பேசவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொண்டிருப்பதும் தெரிகிறது.

தவணைக்கு லேப்டாப் கேட்ட அம்மாவுக்கு அந்த மூன்று கணினிகளில் ஒன்றைக் கொடுத்தேன். அது இன்றும் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கு அந்த நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பு ஏறாத நல்ல கணினிகள் பல அலுவலகங்களிலிருந்து வெளியே வருகின்றன. உங்கள் உறவினர் யாராவது பட்டணத்தில் வேலை செய்தால் கேட்டுப் பாருங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் நமக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய அறிவியல் அறை திறந்திருக்கும். ஓடாத கணினி, உடைந்த ரவுட்டர் எது இருந்தாலும் கொண்டு வரலாம். ஸ்குரு டிரைவர் நான்கு இருந்தது, இரண்டு காணவில்லை. எடுத்தவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டால் யார் என்று கேட்கமாட்டேன். பசியாறிவிட்டு வாருங்கள். பெற்றோர்களும் வரலாம், சென்ற வாரம் ஓர் அப்பா குலை வெட்டும் கையால் நினைவகத் தகட்டை மாட்டி, கணினி எழுந்ததும் மகனைவிட அதிகமாகச் சிரித்தார்.

நேரம் ஆகிவிட்டது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிள்ளைகள் பரிசு மேசையைப் பார்க்கிறார்கள்.